பதினான்காவது நிமிடத்து மணி

நம் குழுவில் போன வாரம் முழுக்க அந்த ஒரு இசைத்தட்டைப் பற்றித்தான் சண்டை. பழைய பதிப்பு உசத்தியா, சுத்தம் செய்து வெளியிட்ட புதிய பதிப்பு உசத்தியா என்று ஆளாளுக்கு வரிந்து கட்டிக்கொண்டு நின்றீர்கள். ஒருவர் இரண்டாம் பக்கத்து நீளப் பாட்டை மலை என்றார். இன்னொருவர் மலையெல்லாம் இல்லை, வெறும் மண்மேடு என்றார். "புதிய பதிப்பில் உயிரே இல்லை, காது உள்ளவனுக்குத்தான் அது தெரியும்" என்று ஒருவர் எழுத, அதற்குக் கீழே வரிசையாகக் கைதட்டினீர்கள். எப்போதும் முந்திரிக்கொட்டை மாதிரி முதலில் வந்து விழும் நான் இந்த முறை ஏன் வாயே திறக்கவில்லை என்று இரண்டு பேர் தனியாகக் கேட்டீர்கள்.

காரணத்தை எழுதிவிடுகிறேன். நாமெல்லாம் நரைக்குச் சாயம் பூச ஆரம்பித்துவிட்டோம், இனி ஒளித்து என்ன ஆகப்போகிறது. இதே இசைத்தட்டைப் பற்றிய இதே வாதத்தில் ஒரு மனிதரின் காது போனது. முழுக்கப் போகாமல் தடுத்திருக்கக்கூடிய ஆள் நான் ஒருத்திதான். எனக்கு அப்போது பதினொரு வயது.

இரண்டாயிரம் பிறந்த புதிது. ஓசூர் தொழிற்பேட்டைக்குப் பின்பக்கம், ஒரே கூரையின் கீழ் ஆறு வீடுகள் கொண்ட வரிசையில் மூன்றாவது எங்களுடையது. அந்த ஆறு வீட்டில் நான்கு விதத் தமிழ், ஒரு கன்னடம், ஒரு தெலுங்கு. சண்டை என்று வந்தால் மட்டும் எல்லோருக்கும் எல்லாம் புரியும். அப்பா கோவில்பட்டிப் பக்கத்துக்காரர். கார்களுக்குத் தகட்டுப் பாகங்கள் செய்யும் ஆலையில் டை செட்டர். டை என்றால் அச்சு. ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு இருக்கும் பிரஸ் மெஷினில் அதை மாட்டிச் சரிபார்ப்பது அவர் வேலை.

அந்த பிரஸ்ஸை ஓட்டியவரைத்தான் நான் பிரஸ் மாமா என்று கூப்பிடுவேன். இரத்த உறவு ஒன்றும் கிடையாது. ராயக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமம், தக்காளி போடுகிற குடும்பம். வீட்டில் தெலுங்கு, வெளியே தமிழ், மண்டியில் கன்னடம். மனைவியை அண்ணன் குடும்பத்தோடு ஊரில் விட்டுவிட்டு ஓசூரில் ஒற்றை அறையில் இருந்தார். சனிக்கிழமை ஊருக்குப் போவார், ஞாயிறு காலை திரும்பி வந்து மதியச் சோறு எங்கள் வீட்டில் சாப்பிடுவார். வரும்போது ஒரு பை தக்காளி கொண்டுவருவார். விலை விழுந்த வாரத்தில் இரண்டு பை. பையை எண்ணியே அம்மா மண்டி நிலவரம் சொல்லிவிடுவாள்.

மாமாவின் காது ஆலை முழுக்கப் பேர்போனது. பிரஸ் இறங்குகிற சத்தத்தைக் கேட்டே, டையில் மயிரிழை விரிசல் விட்டிருக்கிறது என்று சொல்லிவிடுவார். ஒரு முறை அப்படிச் சொல்லி லைனை நிறுத்தியபோது சூப்பர்வைசர் வாய்க்கு வந்தபடி திட்டினாராம். கழற்றிப் பார்த்தால் விரிசல் இருந்தது. ஆண்டுவிழாவில் மேடையேற்றி, சால்வை போட்டு, ஒரு ஹாட்பாக்ஸ் கொடுத்தார்கள். அந்த ஹாட்பாக்ஸை அவர் எங்கள் வீட்டுக்கே கொடுத்துவிட்டார். அதில்தான் ஞாயிறு சப்பாத்தி இருக்கும்.

காதில் அடைத்துக்கொள்ள ஆலையில் எல்லோருக்கும் மஞ்சள் ரப்பர் அடைப்பான் கொடுத்திருந்தார்கள். மாமா அதைக் கயிற்றோடு கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். பாதுகாப்பு அதிகாரி வருகிற ஐந்து நிமிடம் மட்டும் அது காதுக்குப் போகும்.

"காத அடச்சிக்கினு பிரஸ் ஓட்றதும் கண்ண கட்டிக்கினு பஸ் ஓட்றதும் ஒண்ணு மச்சான்" என்பார்.

அப்பாவும் அப்படித்தான். நல்ல வேலைக்காரன் காதைத் திறந்து வைத்திருப்பான், அடைத்துக்கொள்கிறவன் ஒன்று புதுசு, இல்லையென்றால் சோம்பேறி என்பது அந்த ஷெட்டில் எழுதாத சட்டம். எந்த அதிகாரியும் இதைச் சொல்லிக்கொடுக்கவில்லை. தொழில் தெரிந்தவர்கள் தாங்களாகவே தங்களுக்குச் செய்துகொண்டது.

இனி அந்தக் கேசட். கிடங்கைப் பார்த்துக்கொண்ட ஸ்டோர்ஸ் சார் ஆனேக்கல் பக்கத்துக் கன்னடக்காரர். பெங்களூரில் பாலிடெக்னிக் படித்தபோது விடுதியில் இங்கிலீஷ் பாட்டுப் பைத்தியம் பிடித்துக்கொண்டதாம். கிடங்கு மேசையில் சின்ன டேப் ரிக்கார்டர் வைத்திருந்தார். போல்ட் வாங்கப் போய்க் காத்து நின்ற மாமா, அங்கே ஓடிக்கொண்டிருந்த பாட்டுக்கு விரல்களை மடக்கி எண்ண ஆரம்பித்திருக்கிறார். "இது ஏழு ஏழா போகுது சார். நம்ம லைன் மாதிரி" என்றாராம். அவர்கள் லைனில் ஏழு பிரஸ் வரிசையாக நிற்கும். முதலாவதில் வெறும் தகடாக நுழைவது ஏழாவதில் கார்க் கதவின் உள்பாகமாக வெளியே வரும். இங்கிலாந்தில் எழுபதுகளில் எவனோ வாசித்ததை, இங்கிலீஷ் ஒரு வார்த்தை தெரியாத மனிதர் இப்படித்தான் பிடித்துக்கொண்டார். ஸ்டோர்ஸ் சார் அன்று மாலையே கேசட்டைக் கொடுத்துவிட்டார். அட்டையில் வெட்டவெளியில் எதிலும் சாயாமல் ஒரு ஏணி நிற்கும். எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் ஏணிக் கேசட். உண்மைப் பெயர் உங்களுக்குத் தெரியும், எழுதவில்லை.

அதன் பிறகு ஞாயிறுதோறும் எங்கள் வீட்டில் கச்சேரிதான். கறிக்குழம்பு முடிந்து, கை கழுவி, பாய் விரித்து அப்பா, மாமா, ஸ்டோர்ஸ் சார் மூன்று பேரும் உட்கார்ந்தால் சாயங்காலம் வரை வாதம். அப்பா சினிமாப் பாட்டுக்காரர், அவர் எதிர்க்கட்சி.

"நாலு நிமிசத்துல முடிக்க வேண்டியத இருவத்திரெண்டு நிமிசம் இழுக்கான். இது ரிஜெக்ட்" என்பார்.

"ரிஜெக்ட் பண்ண முடியாது மச்சான். டிராயிங்கே அந்த அளவுதான்" என்பார் மாமா.

"அப்பம் டிராயிங் போட்டவனக் கூப்புடு. அஞ்சு பாட்ட ஒண்ணா வெல்டிங் வச்சிருக்கான், ஒட்டுன எடம் தெரியுது."

"ஒட்டுன எடம் தெரியணும்னுதான் அப்பிடி ஒட்டியிருக்கான்."

ஸ்டோர்ஸ் சார் கையை உயர்த்துவார். "ஸ்வல்ப இரிங்கப்பா. அது ஒரு மனுசனோட பூரா வாழ்க்கை. அவன் அந்த ஏணியில ஏறிக்கொண்டே இருக்கான்."

"ஏறி?"

"மேல ஒண்ணும் இல்ல."

"அதுக்கு ஏறாமலே இருந்திருக்கலாம்" என்று அடுப்படியிலிருந்து அம்மா சொல்வாள். அவளுக்கு அந்தப் பாட்டைப் பற்றி இருந்த ஒரே கருத்து அதுதான். இன்று வரை அதைவிட நல்ல விமர்சனம் நம் குழுவிலும் நான் படித்ததில்லை.

முதல் பக்கத்து மூன்று பாட்டுகளுக்காக இரண்டாம் பக்கத்தைப் பொறுத்துக்கொள்வதா, இரண்டாம் பக்கத்துக்காக முதல் பக்கத்தை மன்னிப்பதா என்று ஆறு மாதம் ஓடியது. டிரம்ஸ்காரன் கெட்டிக்காரனா, ஆர்கன்காரன் கெட்டிக்காரனா என்று ஒரு மழைக்காலம் போனது. தீர்ப்பைக் கொண்டுவந்தவர் மாமாதான்.

"இந்த எடத்துல யாரும் மூச்சு வுடாதீங்க" என்றார் ஒரு நாள். பதினான்காவது நிமிடம். எல்லா வாத்தியமும் நின்று, அடியில் ஆர்கன் மட்டும் மெல்ல முனகும் இடம். அதற்கு மேலே, எங்கேயோ தூரத்தில், சின்னதாக ஒரு மணி. டிங். ஏழு முறை. பிறகு டிரம்ஸ் இறங்கும்.

பதினைந்து வருடமாக அந்தப் பாட்டைக் கேட்டுவந்த ஸ்டோர்ஸ் சாருக்கு அங்கே ஒரு மணி இருப்பதே தெரியாது. மாமாவின் இரண்டு காதையும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அப்பா திரும்பத் திரும்பப் போடச்சொல்லிக் கேட்டார். முதல் இரண்டு முறை அவருக்குப் பிடிபடவில்லை. மூன்றாவது முறை முகம் மாறிவிட்டது.

"சரி மச்சான். அந்த மணிக்காக மிச்சத்த டீவியேஷன்ல பாஸ் பண்ணிரலாம்" என்றார். குறை உள்ள பாகத்தைக் குறை தெரிந்தே ஏற்றுக்கொள்வதற்கு ஆலையில் அதுதான் பெயர். இப்படியாக எங்கள் வீட்டில் அந்த இசைத்தட்டின் மானம் முழுவதும் அந்த ஒரு மணியில் தொங்கியது.

அப்போது எனக்கு எட்டு வயது. நான் சொல்லவந்த காலம் அதற்கு மூன்று வருடம் கழித்து, மாம்பழம் முடிந்து ஆடிக்காற்று தொடங்குகிற மாதங்கள்.

அந்த வருடம் மாமா சில விஷயங்களைச் சொல்லிக்கொண்டிருந்தார். நாங்கள் யாரும் அவற்றைச் சேர்த்துப் பார்க்கவில்லை. "எங்க ஊர்ல சில்வண்டே இல்லாம போயிடிச்சு மச்சான். மருந்தடிச்சு மருந்தடிச்சு எல்லாம் செத்துப்போச்சு" என்றார். அப்பா விவசாயத்தின் கெடுதியைப் பற்றி அரைமணி நேரம் பேசினார். தன் டிஜிட்டல் வாட்சில் அலாரம் கெட்டுவிட்டது என்று மாமா அதை என்னிடம் விளையாடக் கொடுத்தார். அது எனக்கு ஒழுங்காகத்தான் அடித்தது. பொம்மை மாதிரி ஒரு வாட்ச் கிடைத்த சந்தோஷத்தில், அடிக்கிறது என்று சொன்னால் திருப்பிக் கேட்டுவிடுவாரோ என்று நான் சொல்லவில்லை. என் வாய் மூட ஆரம்பித்தது அங்கேதான் என்று இப்போது நினைக்கிறேன்.

கேசட்டில் மணி வரவில்லை என்றும் சொல்ல ஆரம்பித்தார். தேய்ந்துவிட்டது என்றார். ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்து டேப் ரிக்கார்டரின் ஹெட்டைத் துடைத்தார். அப்பாவும் வரவில்லை என்றார். தேயாதது வேண்டும் என்றால் சிடிதான் என்று ஸ்டோர்ஸ் சார் பெங்களூரில் தேடி, சொல்லிவைத்து, வரவழைத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்தார். அதே ஏணி, உள்ளங்கை அளவுக்குச் சிறுத்திருந்தது. படம் பார்க்க வாங்கிய விசிடி பிளேயரில் போட்டு, அப்பா தானே மரப்பெட்டி அடித்துச் செய்த ஸ்பீக்கரில் கேட்டோம்.

மாமா கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பதினான்காவது நிமிடம் வந்தது. ஆர்கன் முனகியது. மணி ஏழு முறை அடித்தது. கேசட்டில் கேட்டதைவிடத் தெளிவாக, பக்கத்து அறையில் யாரோ கரண்டியால் டம்ளரைத் தட்டுவதுபோல இருந்தது. டிரம்ஸ் இறங்கியது. மாமா கண்ணைத் திறந்தார்.

"எடுத்துட்டான்" என்றார்.

"என்னத்த?"

"மணிய."

ஸ்டோர்ஸ் சார் சிரித்தார். "இருக்கு ரீ. இப்பத்தான் கேட்டேனே."

திரும்பப் போட்டார்கள். மாமா தலையை ஆட்டினார். அப்பா உதட்டைப் பிதுக்கினார். "எனக்கும் வரலியே சார். ஆர்கன் மட்டுந்தான் கெடக்கு" என்றார். அப்பா பொய் சொல்லவில்லை. மாமாவோடு அதே ஷெட்டில், அதே திறந்த காதோடு பன்னிரண்டு வருடம் நின்றவர் அவர். அந்த மூன்று பேரில் பிரஸ் பக்கமே நிற்காதவர் ஸ்டோர்ஸ் சார் ஒருவர்தான். இன்று இது எனக்கு வெட்ட வெளிச்சமாகத் தெரிகிறது. அன்று அந்த அறையில் இருந்தவர்களுக்குத் தெரிந்தது வேறு. தேடி வாங்கிவந்த மனிதர் தன் சிடியை விட்டுக்கொடுப்பாரா என்று அப்பா நினைத்தார். லைன் ஆட்கள் கிடங்குக்காரன் சொல்லை மதிக்கமாட்டார்கள் என்று ஸ்டோர்ஸ் சார் நினைத்தார்.

நான் மூலையில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தேன். "அடிச்சுதேப்பா. ஏழு தடவ. நான் எண்ணுனேன்" என்றேன்.

அப்பா எட்டி என் மண்டையில் குட்டினார். "ஏட்டி, பெரியாளுக பேசும்போது என்ன வாயி? மேடையேத்தி மரியாத செஞ்ச காது அது. அதுக்கு முன்னாடி ஒங்காது எம்மாத்திரம்? மாமாட்ட மன்னிப்புக் கேளு."

கேட்டேன். "வுடு மச்சான், சின்னப் புள்ள" என்றார் மாமா. ஆனால் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கோபமான பார்வை இல்லை. வரப்போகிற தபாலைத் தெரிந்தவர் தபால்காரனைப் பார்க்கிற பார்வை.

நான் அழுதுகொண்டு அடுப்படிக்குப் போனேன். அம்மா முந்தானையால் என் மூக்கைத் துடைத்துவிட்டாள். "எனக்கும்தான் கேட்டுச்சு" என்றாள், மெதுவாக. "கேட்டதையெல்லாம் சொல்லணும்னு சட்டமா? அதச் சொல்லி ஒரு நாள் சோத்தக் கெடுக்கணுமா?" அம்மா கெட்டவள் இல்லை. அது ஒரு பாட்டில் வரும் ஒரு மணி என்றுதான் அவளும் நினைத்தாள்.

அடுத்த சில வாரங்களில் மாமாவின் தீர்ப்பு ஆலைக்குள் பரவிவிட்டது. சுத்தம் செய்கிறேன் பேர்வழி என்று மேலே இருக்கிற சின்னச் சத்தங்களையெல்லாம் சிடியில் சுரண்டிவிடுகிறார்கள், கேசட்டில் இருக்கிற உயிர் சிடியில் கிடையாது என்று அந்தப் பாட்டைக் கேட்டே இராத பயிற்சிப் பையன்கள்கூட டீ நேரத்தில் பேசினார்கள். உலகம் முழுக்க ரசிகர்கள் அதையேதான் பேசிக்கொண்டிருந்தார்கள் என்பது எனக்குப் பின்னால் தெரிந்தது. அதனால்தான் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. சாதாரண ஆள் ஒருவர் எனக்குக் கேட்கவில்லை என்று சொல்லியிருந்தால் காதைப் பார் என்று சொல்லியிருப்பார்கள். இவர் சொன்னதால் ரசனை என்றார்கள். அவருடைய செவிடு எங்களுக்கு ஞானமாகத் தெரிந்தது. கைதட்டினோம்.

ஸ்டோர்ஸ் சார் இரண்டு ஞாயிறு வாதாடிப் பார்த்தார். மூன்றாவது ஞாயிறு எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டார். "சரிப்பா. இல்ல. மணி இல்லவே இல்ல. நிம்மதியா?" என்றார். சிடியைக்கூட எடுக்காமல் போனார். அப்புறம் எங்கள் வீட்டுக்கு வரவே இல்லை. "பெங்களூருத் திமிரு" என்றார் அப்பா.

ஆடி மாதம், ஒரு வேலைநாள். பள்ளிக்கூடத்தில் பாதிநாள் விடுமுறை. அம்மா மாவு அரைக்கப் போயிருந்தாள், அப்பா இரண்டாம் ஷிஃப்ட். காற்று தகரக் கதவைத் தட்டிக்கொண்டே இருந்தது. முதல் ஷிஃப்ட் முடிந்து, நீலச் சட்டையோடு, மாமா வந்தார். வேலைநாளில் அவர் வந்ததே கிடையாது. தண்ணீர் கொடுத்தேன். குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டார்.

"கண்ணு, அந்த சிடிய போடு. அந்த எடம் மட்டும்."

போட்டேன். ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் என்னை உட்காரவைத்து, எதிரே அவர் தரையில் உட்கார்ந்தார். ஸ்பீக்கரைப் பார்க்கவில்லை, என் முகத்தைத்தான் பார்த்தார். மணி அடித்தது.

"பயப்படாத சொல்லு. உங்கப்பா கிட்ட சொல்ல மாட்டன். அன்னிக்கி சொன்னியே, மணி அடிக்கிதுன்னு. நெஜமாலுமே கேக்குதா உனுக்கு?"

குட்டு வாங்கிய இடம் அப்போது வலிக்கவில்லை. ஆனால் மன்னிப்புக் கேட்டது வலித்தது. கேட்டதைச் சொன்னால் குட்டு, கேட்கவில்லை என்றால் நல்ல பிள்ளை என்று அந்த ஒரு மாதத்தில் படித்து வைத்திருந்தேன். மாமா என்னை மறுபடியும் சோதிக்கிறார் என்றே நினைத்தேன். சரியான விடை எனக்குத் தெரியும் என்ற தைரியத்தோடு சொன்னேன்.

"இல்ல மாமா."

"சும்மா சொல்லாத கண்ணு."

"நெஜமா. அன்னைக்குச் சும்மா சொன்னேன்."

"இன்னொரு வாட்டி போடு."

போட்டேன். ஏழு முறை, ஒவ்வொன்றும் தனித்தனியாக, எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் அடித்தது. முகத்தை அசைக்காமல் வைத்துக்கொண்டேன். அவர் என் கண் இமையைக்கூட விடாமல் பார்த்தார். முடிந்ததும் இல்லை என்று தலையாட்டினேன்.

மாமா சுவரில் சாய்ந்து ஒரு பெரிய மூச்சு விட்டார். கையில் இருந்த தண்ணீரை ஒரே மடக்கில் குடித்தார். சட்டைப்பையிலிருந்து நான்காக மடித்த ஒரு காகிதத்தை எடுத்தார்.

"பிரஸ்ஸ வுட்டு பேக்கிங் செக்ஷனுக்கு மாத்திக் குடுங்கன்னு எழுதி வச்சிருந்தன். காது போயிடிச்சோன்னு ஒரு பயம் கண்ணு. ஒரு மாசமா தூக்கமே இல்ல. உனுக்கு கேட்டா குடுத்துடலாம்னு இருந்தன். அப்புறம் பொட்டி ஒட்டிக்கினு காலத்த ஓட்ட வேண்டிதுதான். நல்லவேள." காகிதத்தைக் கிழித்து என் கையில் கொடுத்தார். "குப்பைல போட்டுடு. அப்பா கிட்ட சொல்லாத."

அப்போது எனக்கு ஒன்றும் புரியவில்லை, குழந்தைதானே என்று எழுத எனக்கு ஆசையாக இருக்கிறது. அப்படி எழுதினால் நீங்களும் ஆறுதல் சொல்லிவிட்டுப் போய்விடுவீர்கள். ஆனால் புரிந்தது. கிழிந்த காகிதம் கையில் இருக்கும்போதே, சட்டென்று எல்லாம் புரிந்துவிட்டது. இது பரீட்சை இல்லை, இந்த மனிதர் தன் காதை என்னிடம் கொடுத்துப் பார்க்கச் சொன்னார் என்று புரிந்தது. செருப்பு மாட்டிக்கொண்டு, வாசலைத் தாண்டி, சைக்கிள் பூட்டைத் திறந்து, காற்றுக்கு எதிராக அவர் ஏறி மிதிக்கும் வரை நேரம் இருந்தது. மாமா என்று ஒரு வார்த்தை கூப்பிட்டிருந்தால் போதும். அவர் விசில் அடித்துக்கொண்டு போனார். இவ்வளவு சந்தோஷமாக இருக்கிற ஒருவரைக் கூப்பிட்டு, நான் இரண்டு முறை பொய் சொன்னேன் என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. காகிதத் துண்டுகளை அடுப்பில் போட்டேன்.

அதன் பிறகு மூன்று வருடம் அவர் அதே பிரஸ்ஸில் நின்றார். அடைப்பான் கழுத்திலேயே தொங்கியது. கூப்பிட்டால் திரும்புவதில்லை, கேட்டதற்கு வேறு பதில் சொன்னார். "பட்டம் வாங்குன காதுக்கு நம்ம பேச்செல்லாம் கேக்குமா" என்று அப்பா எரிச்சல்பட்டார். ஒரு நாள் அப்பா ஷெட்டில் எச்சரிக்கையாக ஏதோ கத்த, மாமா பதிலே சொல்லாமல் போக, அத்தோடு ஞாயிற்றுக்கிழமைகளும் நின்றன. பன்னிரண்டு வருடத்துக்கு மேற்பட்ட சிநேகம் திமிர் என்ற ஒரு வார்த்தையில் முடிந்தது. அந்த வருட தீபாவளிக்கு எங்கள் வீட்டுப் பலகாரத்தைக் கொண்டுபோய்க் கொடுக்கக்கூட அப்பா விடவில்லை.

பிறகு ஒரு காலை ஷிஃப்டில் டை இரண்டாகப் பிளந்தது. பிளப்பதற்கு முன் ஒரு மணிநேரமாவது அது சத்தம் மாறி ஓடியிருக்கும் என்று விசாரணையில் சொன்னார்களாம். வேறு யாருக்குக் கேட்காவிட்டாலும் இவருக்குக் கேட்டிருக்க வேண்டும் என்றார்கள். அப்போதுதான் முதல்முறையாக ஒரு டாக்டர் அவர் காதைப் பார்த்தார். போனது வராது, இருக்கிற கொஞ்சமும் நிற்காது, மூன்று நான்கு வருடம் முன்னால் சத்தத்தை விட்டு வெளியே வந்திருந்தால் பேச்சுக் கேட்கிற அளவுக்காவது மிஞ்சியிருக்கும் என்று சொல்லியிருக்கிறார். இதை அப்பா வீட்டில் வந்து சொல்லிவிட்டு, முதல்முறையாக, சாப்பிடாமல் எழுந்துபோனார். தானும் போய் டாக்டரிடம் காட்ட வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. இப்போது அவர் டிவி சத்தம் மூன்று வீடு தள்ளிக் கேட்கிறது.

மாமாவை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவர் ஊருக்கே போய்விட்டார். நான் படித்தேன், வேலைக்குப் போனேன், நல்ல ஹெட்போன் வாங்கினேன், உங்களையெல்லாம் இந்தக் குழுவில் கண்டுபிடித்தேன். உங்களோடு சேர்ந்து நூறு இசைத்தட்டுகளைப் பற்றிச் சண்டை போட்டிருக்கிறேன். அந்த ஒன்றைப் பற்றி மட்டும் முடியவில்லை.

போன வருடம் ஒரு நாள், சொல்லிவிடுவது என்று முடிவுகட்டி மாமா ஊருக்குக் கிளம்பினேன். சானமாவுக் காட்டுக்கு முன்னால் யானை ரோட்டைக் கடக்கிறது என்று பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். முக்கால் மணி நேரம் நின்றது. சொல்ல வேண்டியதை அத்தனை நேரமும் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். அவர் ஊருக்குப் போகும் மண்பாதை ஓரத்தில் தக்காளியைக் குவியலாகக் கொட்டியிருந்தார்கள். அந்த வாரம் பறிகூலிக்குக்கூட விலை இல்லை போல.

மாமா வாசலில் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். உடம்பு பாதியாகிவிட்டது. என்னை அடையாளம் தெரிந்ததும் எழுந்து நின்றார். உள்ளே அடுப்படியில் இருந்த மனைவியைக் கத்திக் கூப்பிட்டார். தன் குரலின் அளவு அவருக்குத் தெரியவில்லை. தெலுங்கில், தெருவுக்கே கேட்கும்படி சொன்னார். இவள்தான் அந்தப் பெண், சிடியில் மணியை எடுத்துவிட்டான் என்று அவர் சொன்னபோது ஸ்டோர்ஸ் சார் இருக்கவே இருக்கிறது என்று சாதித்தார், இந்தக் குழந்தை ஒன்றுதான் தனக்காக உட்கார்ந்து இரண்டு முறை கேட்டு உண்மையைச் சொன்னாள், என்றார். அந்த அம்மாள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து என் கன்னத்தைத் தொட்டார். காபி போட உள்ளே போனார்.

"மாமா, அன்னைக்கு எனக்கு மணி கேட்டுச்சு" என்றேன். நான் பேசுகிற சாதாரணக் குரலில்தான் சொன்னேன்.

அவர் என் உதட்டையே பார்த்தார். முகத்தில் அதே சிரிப்பு.

"இன்னா கண்ணு? ஒண்ணியும் கேக்கல. கொஞ்சம் கத்தி சொல்லு."

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றிருந்தது. நான் அவர் காதருகே குனிந்தேன்.

"நல்லா இருக்கீங்களான்னு கேட்டேன் மாமா" என்று கத்தினேன்.

"எனுக்கின்னா கண்ணு, நல்லா கீறன்" என்றார்.